எந்த முழங்காலில் வலி

ஹாலோவே, ஒஹாயோ
நவம்பர் 11, 1957

லோவல் அண்ணாவுக்கு,

ஒரு வருஷமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. முதலில் நிறுத்தியது யார் என்று ஆராய ஆரம்பித்தால் இந்தக் கடிதமும் தபாலுக்குப் போகாது. போன வருஷம் வெர்னுடைய டீமுக்கு நீ மூன்றாவது இடம் போட்டாய். போட்டதோடு நிற்காமல், "தங்கை புருஷன் என்பதற்காக ஒரு படி ஏற்றிவிட முடியாது" என்று உன் பேப்பரில் எழுதவும் செய்தாய். அந்த வரி இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கல்லூரித் தலைவரின் மனைவி அதை என்னிடமே ஒப்பித்தாள். அன்றிலிருந்து உன் மாப்பிள்ளை உன் பெயரைச் சொல்வதில்லை. தேவைப்பட்டால் "அந்த அயோவாக்காரர்" என்கிறார்.

இந்த வருஷம் எட்டு ஆட்டம் ஆடி எட்டையும் ஜெயித்திருக்கிறோம். தெற்கே ரேவனெல் கல்லூரியும் எட்டுக்கு எட்டு. இந்த வார வாக்கெடுப்பில் அவர்கள் முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். வித்தியாசம் ஆறு புள்ளி. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். கடைசி வாக்கெடுப்பில் உன்னுடைய முதலிடம் எங்களுக்கு வேண்டும்.

மற்ற எந்த ஆட்டத்திலும் கடைசியில் இரண்டு பேர் மோதி ஒருவர் ஜெயிப்பார். இந்தக் கல்லூரி ஃபுட்பாலில் மட்டும்தான் பையன்கள் மண்ணில் புரண்டு எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு வந்து நிற்க, நூறு பேப்பர்காரர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தேச சாம்பியன் யார் என்று சீட்டு எழுதுகிறீர்கள். நாங்களும் ரேவனெலும் ஒரு நாளும் மோதியதில்லை. நீ அவர்களைப் பார்த்ததுகூட இல்லை. நம் ஊர்க் கண்காட்சியில் ஆப்பிள் பை போட்டிக்கு வரும் நடுவர்கள்கூட ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் மார்க் போடுகிறார்கள்.

வெர்னின் ஒப்பந்தம் வரும் ஜூனில் முடிகிறது. முதலிடம் வந்தால் இன்னும் ஐந்து வருஷம், இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். "பார்க்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று பயிற்சியாளர்களின் பெண்டாட்டிகளுக்குச் சொல்லித் தர வேண்டாம். இதுவரை மூன்று ஊர்களில் ஜன்னல் திரை தைத்துவிட்டேன். நான்காவது ஊருக்கு அளவெடுக்க எனக்குத் தெம்பில்லை.

இவரோ இப்போதே கணப்பு மேல்பலகையிலிருந்து அம்மாவின் கடிகாரத்தை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டார், கோப்பைக்கு இடம் வேண்டுமாம். கோப்பை கல்லூரிக்குப் போகுமே தவிர வீட்டுக்கு வராது என்றேன். ஒரு வாரமாவது கேட்டு வாங்கி வைப்பேன் என்கிறார். கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுத்த தழும்பு இருக்கிறது. தினமும் அதைத் துடைக்கிறேன்.

ஆர்லீன்

*

கிளேபர்ன், அயோவா
நவம்பர் 14

ஆர்லீனுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம், பாதி. மீதிப் பாதி எதற்காக எழுதினாய் என்று தெரிந்த பிறகு போய்விட்டது.

நான் எப்படி ஓட்டுப் போடுகிறேன் என்று சொல்கிறேன், வெளியே சொல்லாதே. சனிக்கிழமை மாலை டெலிபிரிண்டரில் ஆட்ட முடிவுகள் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பத்துப் பெயர் எழுதுவேன். முதல் பெயருக்குப் பத்துப் புள்ளி, அடுத்ததற்கு ஒன்பது, இப்படிக் கடைசிக்கு ஒன்று. அதைத் தந்தி அடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவேன். அந்தப் பத்து டீமில் இந்த வருஷம் நான் நேரில் பார்த்தது இரண்டு. மற்ற எட்டும் கேள்வி ஞானம். நூறு பேரும் ஏறக்குறைய இந்த லட்சணம்தான். இதையெல்லாம் கூட்டினால் தேச சாம்பியன் வந்துவிடுகிறது. புத்தாண்டன்று நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு ஒரு மாதம் முன்பே கடைசி வாக்கெடுப்பு முடிந்துவிடும். சாம்பியன் அதற்கப்புறம் போய்த் தோற்றாலும் சாம்பியன்தான். ஏன் இப்படி என்று கேட்காதே. நான் இந்த வேலைக்கு வந்தபோதே இப்படித்தான் இருந்தது.

ஆப்பிள் பை விஷயம் சுட்டது. ஆகவே நாளை ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை ரேவனெல் ஆடுவதை நேரில் பார்க்கப் போகிறேன். என் ஆசிரியருக்கு இதில் விருப்பமில்லை. அயோவாவில் யாருக்கும் ரேவனெல் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்கிறார், உண்மைதான்.

ஓட்டைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

லோவல்

*

ஹாலோவே
நவம்பர் 19

அண்ணா,

நீ ரயிலில் இருந்த நேரத்தில் இங்கே ஒரு விருந்தாளி வந்துவிட்டுப் போனார். புத்தாண்டு ஆட்டம் நடத்தும் கமிட்டிக்காரர். கண்ணைக் குத்தும் ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்தார். தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. நான் செய்த மாட்டிறைச்சி வறுவலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். புத்தாண்டன்று தெற்கே, எண்பதாயிரம் பேர் முன்னால், ரேவனெலோடு ஹாலோவே மோதலாம் என்றார். சீட்டும் வேண்டாம், தந்தியும் வேண்டாம், யார் பெரியவர் என்று மைதானத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் தலைவருக்கும் அது போதுமாம். வெர்னின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

காபி கொடுக்கும்போதுதான் அந்த மனிதர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு சின்ன விஷயம் கோச். அங்க மாநிலச் சட்டம் அப்படி. உங்க டான்டியை மட்டும் ஊர்ல விட்டுட்டு வந்துடுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

லூஷியஸ் டான்டியை உனக்குத் தெரியும். இந்த வருஷம் நாங்கள் போட்ட புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு அவன் ஓடி எடுத்தது. எங்கள் நாற்பத்திரண்டு பேரில் கறுப்பன் அவன் ஒருவன்தான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மைதானத்தில் ஆடக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம்.

வெர்ன் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்குள் பதில் சொல்கிறேன் என்றார். அந்த ஆள் போன பிறகு பாத்திரங்களை அவரே கழுவினார். அவர் பாத்திரம் கழுவினால் ஏதோ சரியில்லை.

நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் டெக்சாஸில் ஆடப் போனபோது எங்கள் ஆட்டக்காரன் வெண்டல் பீஸ்லி வரவில்லை, நினைவிருக்கிறதா? முழங்கால் வலி என்று பேப்பர்களில் வந்தது. அவன் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் இதே சின்ன விஷயம்தான். முழங்கால் என்பது வெர்ன் சொன்ன பொய். வெண்டல் அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் பெயரை வெர்ன் தூக்கத்தில் சொல்கிறார் என்றெல்லாம் கதை விட மாட்டேன். ஆனால் டெக்சாஸ் என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

இப்போது புரிகிறதா? வாக்கெடுப்பிலேயே முதலிடம் வந்துவிட்டால் அங்கே போகவே வேண்டாம். இனி உன் ஓட்டை வேறு எதற்காகவும் கேட்கவில்லை. இவர் இரண்டாம் தடவையும் அதையே செய்துவிடக் கூடாது என்று கேட்கிறேன்.

ஆர்லீன்

*

கிளேபர்ன்
நவம்பர் 22

ஆர்லீனுக்கு,

ரேவனெலைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல டீம். இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை. முன்வரிசை ஏழு பேரும் ஒரே மூச்சில் எழுந்திருக்கிறார்கள். அவர்களுடைய பையன் ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறுபது கஜம் ஓடினான். துரத்தியவர்கள் பாதி வழியில் வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள். அவர்களும் மாப்பிள்ளையின் டீமும் நாளைக்கே மோதினால் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். ஏழு புள்ளி வித்தியாசம் இருக்கும். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மைதான வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இரண்டு, எதில் யார் குடிக்கலாம் என்ற பலகையோடு. திரும்பும்போது ரயிலில் அவர்களுடைய ஆட்டப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் கறுப்பன் ஆடும் ஒரு டீமோடும் அவர்கள் ஆடியதில்லை. வடக்கத்திக் கல்லூரிகள் இரண்டின் பெயர் பட்டியலில் ஏறி, பிறகு அடிக்கப்பட்டிருக்கிறது. நானும் அந்தப் பட்டியலைப் பல தடவை பார்த்தவன்தான். ஜெயித்ததை மட்டும் எண்ணினேன்.

முழங்கால் விஷயம் எனக்குப் புதிதில்லை. செய்தி வந்த அன்றே, இதே ஊரில் இருக்கும் பீஸ்லியின் அம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். பையனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தானே இருக்கான், பின்னால விறகு வெட்டிட்டிருக்கான், கூப்பிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிறகு முழங்கால் வலி என்றே அச்சுக்குக் கொடுத்தேன். நீ மாப்பிள்ளையின் பெண்டாட்டி, நான் உன் அண்ணன், வேறு காரணம் தேடவில்லை.

ஆகவே அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக இன்னொரு பொய் சொல்லச் சொல்லாதே. அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை என் சீட்டு முடிவு செய்யக் கூடாது.

லோவல்

*

ஹாலோவே
நவம்பர் 26

அண்ணா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். இருபதுக்கு ஏழு என்று ஜெயித்தோம். இரண்டு தடவை கோட்டைத் தாண்டியது லூஷியஸ். மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தான். ஆரஞ்சுக் கோட்டுக்காரர் ஹோட்டலில் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லையாம், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சட்டை இஸ்திரி போட்டு, டை கட்டி வந்திருந்தான். உட்காரவில்லை. குரலும் உயரவில்லை.

"கோச், எனக்கு எந்த முழங்கால்ல வலின்னு இப்பவே சொல்லிடுங்க. எந்தக் கால்னு தெரிஞ்சாத்தானே நொண்ட முடியும்."

வெர்ன் அவனை உட்காரச் சொன்னார், காபி குடிக்கச் சொன்னார்.

"காபி வேணாங்க. வெண்டலும் நானும் ஒரே ரூம்ல இருந்தோம். நீங்க எல்லாரும் பஸ் ஏறினப்போ அவன் ஜன்னலோரம் நின்னு பாத்தான். பக்கத்துல நின்னவன் நான்."

என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாளாக வெர்ன் டெலிபோன் பக்கத்தில் உட்காருகிறார், எழுந்து போகிறார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான், தெரியும். நான்காவது ஊரின் ஜன்னல்கள் கண்ணுக்கு முன்னால் வந்து வாயை அடைத்துவிடுகின்றன. இதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் நல்லவர், அண்ணா. நல்லது செய்யச் சுலபமான வழி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நல்லவர். ஓட்டு நமக்குத்தான் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் அந்த வழி திறந்துவிடும். கடைசித் தடவையாகக் கேட்கிறேன்.

ஆர்லீன்

*

கிளேபர்ன்
நவம்பர் 29

ஆர்லீனுக்கு,

முடியாது.

நாளைக் காலைப் பேப்பரில் இரண்டாம் பக்கத்தில் வரப்போவதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிரியர் படித்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து இது யாருக்கு வேண்டும் என்று கேட்டார். அந்தப் பையனின் அம்மாவுக்கு என்றேன். தாளை அச்சுக்கு அனுப்பினார்.

"திருத்தம்: 1954 அக்டோபரில் ஹாலோவே கல்லூரி டெக்சாஸில் ஆடியபோது வெண்டல் பீஸ்லி முழங்கால் வலியால் ஆடவில்லை என்று இந்தப் பக்கத்தில் வெளியிட்டோம். அவர் முழங்கால் நன்றாக இருந்தது. அவர் கறுப்பர் என்பதால் விட்டுவிட்டுப் போனார்கள். எழுதும்போதே இது எனக்குத் தெரியும். — லோவல் ப்ரூட்."

மாப்பிள்ளைக்கு இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அவர் பெயரை நான் போடவில்லை. ஆனால் படிக்கிறவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். எப்படியும் அவர் இனி என்னை அயோவாக்காரர் என்றுகூடக் கூப்பிட மாட்டார்.

லோவல்

*

ஹாலோவே
டிசம்பர் 4

அண்ணா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முன்பே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நன்றி தெரிவிக்கும் நாளன்று வான்கோழியை மேஜையில் வைத்துவிட்டுக் கத்தியை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தபோது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "திரை தைக்கிறது எனக்கொண்ணும் கஷ்டமில்லீங்க" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் டெலிபோனை எடுத்தார். அந்தக் கமிட்டிக்காரரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நாப்பத்திரெண்டு பேருங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் எங்க பஸ் கிளம்பாது." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ பேசினார்கள். "ஆமா, நான் போன தடவை போனேன். அதனாலதான் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கறி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

உன் திருத்தத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "என் பேரையும் போட்டிருக்கலாம்" என்றார்.

நேற்று கடைசி வாக்கெடுப்பு வந்தது. ரேவனெல் ஒரு புள்ளியில் சாம்பியன். நூறு பேர் போட்ட ஓட்டில் ஒரே ஒரு புள்ளி. நீ இரண்டு பெயரை இடம் மாற்றி எழுதியிருந்தால் அவர்களுக்கு ஒன்று குறையும், நமக்கு ஒன்று கூடும். அந்த ஒரு புள்ளியில் நாம் மேலே இருந்திருப்போம். கூட்டல் எனக்கும் வரும். நீ என்ன எழுதினாய் என்று நேராகச் சொல்லிவிடு.

ஆர்லீன்

*

கிளேபர்ன்
டிசம்பர் 7

ஆர்லீனுக்கு,

ரேவனெலுக்கு முதலிடம், மாப்பிள்ளைக்கு இரண்டாமிடம்.

அவர் மறுத்துவிட்ட செய்தி சனிக்கிழமையே டெலிபிரிண்டரில் வந்துவிட்டது. ஆகவே தெரியாமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தந்தித் தாளில் ஹாலோவே என்று முதலில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் வாங்கினேன். அவர் செய்ததற்குப் பரிசாக ஓட்டைப் போட்டால், இந்த மனுஷன் மச்சான் ஓட்டை நம்பித்தான் வீரம் காட்டினார் என்று ஒருவனாவது சொல்லுவான். என் கண்ணுக்கு நல்ல டீம் எதுவென்று பட்டதோ அதை எழுதினேன். எழுதிவிட்டு வெளியே வந்து தந்தி அலுவலகப் படியில் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாக இல்லை.

நீ இனி எழுத மாட்டாய். எழுதச் சொல்ல எனக்கும் முகமில்லை.

லோவல்

*

ஹாலோவே
ஜனவரி 3, 1958

அண்ணா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். புத்தாண்டன்று ரேடியோ கேட்ட பிறகு இருக்க முடியவில்லை.

எங்களுக்குப் பதிலாகப் போன டீமிடம் உன் ரேவனெல் இருபத்தேழுக்கு ஆறு என்று உதை வாங்கியதை நீயும் கேட்டிருப்பாய். மூன்று தோல்வியோடு, பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்த டீம். அந்த அழகான முன்வரிசை இடைவேளைக்கு முன்பே மூச்சு வாங்கியதாம். இருந்தாலும் தேச சாம்பியன் ரேவனெல்தான், சீட்டு டிசம்பரிலேயே எழுதியாயிற்று. இந்த ஊரில் பல்பொடி விற்கிறவர் வரை இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நீ நேரில் போய்ப் பை தின்றுவிட்டு மார்க் போட்டதாக நினைத்தாய். எதிராளி யார் என்பதை அவர்களே பொறுக்கிக்கொண்ட போட்டியில்தான் தின்றாய், அண்ணா. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஜீரணமாகாது. இன்னொன்றும் உண்டு. பதிலுக்குப் போன டீமும் தங்கள் ஆள் ஒருவனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனது. அவனுக்கு முதுகில் சுளுக்கு என்று இங்கத்திப் பேப்பரில் இரண்டு வரி வந்தது. வெர்ன் அந்த வரியைக் கத்தரித்து உனக்கு அனுப்பச் சொன்னார். இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பையன் வீட்டுக்கு நீ டெலிபோன் செய்வாய் என்று நினைக்கிறார்.

வெர்னுக்கு ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். ஐந்து இல்லை, ஒன்று. திரையைக் கழற்றவும் இல்லை, புதிதாகத் தைக்கவும் இல்லை.

ரேடியோ கேட்க லூஷியஸ் வந்திருந்தான். இந்தத் தடவை காபி குடித்தான். ஆட்டம் முடிந்ததும் வெர்ன் சொன்னார்: "உங்க அண்ணன் ரயிலேறிப் போய், கண்ணால பாத்துட்டு வந்து போட்ட ஓட்டு." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. உங்க அண்ணன் என்றார், கவனித்தாயா? அயோவாக்காரர் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்கிறார். சீட்டையும் தந்தியையும் அயோவாவிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்டியானாவிலிருந்து வெர்னுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. வெண்டல் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறானாம். உன் திருத்தத்தை அவன் அம்மா கத்தரித்து அனுப்பியிருக்கிறாள். அட்டையில் இரண்டே வரி. "கோச், முழங்கால் இரண்டும் நலம். விறகு இன்னமும் நானே வெட்டுகிறேன்." மன்னித்தேன் என்று எழுதவில்லை. இங்கே யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வெர்ன் அந்த அட்டையைக் கணப்பு மேல்பலகையில், வெளுத்த தழும்பின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார். அம்மாவின் கடிகாரத்தைத் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டேன். சமையலறையிலேயே இருக்கட்டும் என்றார்.

ஆர்லீன்